வழிகாட்டும் விண்கோள்களும் வழிமறிக்கும் அலைகளும்

அறிவியல் மனித குலத்திற்கு அளித்த கொடைகளுள் சில, கண்ணுக்குப் புலப்படாமலேயே நம் வாழ்வில் கலந்து நிற்பவை. செயற்கைக்கோள் வழியறி முறை அத்தகைய கொடைகளுள் ஒன்று. ஜி.பி.எஸ். என்று நாம் சுருக்கி அழைக்கும் அமெரிக்க முறையின் முதற்கோள் 1978-இல் ஏவப்பட்டது. 1995-இல் அம்முறை முழுமை பெற்றது. பின்னர் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, நம் நாட்டின் நாவிக் என வேறு முறைகளும் உருவாயின. இன்று கப்பலும் விமானமும் மட்டுமா இவற்றை நம்பியிருக்கின்றன? தொலைபேசிக் கோபுரங்களும் மின்தொகுப்புகளும் தம் கடிகாரங்களைச் சரிபார்த்துக்கொள்வதற்கு இக்கோள்களின் நேரத்தையே பெரிதும் நாடுகின்றன.

இத்துணைப் பெரிய பொறுப்பைச் சுமக்கும் அலை எத்துணை நலிந்தது என்பதைப் பலர் அறியார். அந்நலிவை அளந்து, இடையூறு நேரும்போது வழியறி முறை எங்கே, எவ்வளவு நேரம், எந்த அளவிற்குத் தவறும் என்பதை முன்கூட்டியே கணித்துக் கூறும் மென்பொருள்கள் இன்று பல நாடுகளில் பயன்படுகின்றன. அவை இன்றியமையாதவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தம் எடுகோள்களையும், தாம் கொண்ட அளவுகோலையும் வெளிப்படையாகக் கூறாத ஒரு மென்பொருளின் விடையை, உயிர் காக்கும் முடிவுகளுக்கு அடிப்படையாகக் கொள்ளலாகாது என்பதே இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்பும் கருத்து.

நலிந்த அலையின் வலிய பணி

ஜி.பி.எஸ். கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுழல்கின்றன. ஒவ்வொரு கோளும் தான் இருக்கும் இடத்தையும், சமிக்ஞை புறப்பட்ட நேரத்தையும் இடைவிடாது அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அச்சமிக்ஞை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு, ஏற்பிக் கருவி கோளுக்கும் தனக்கும் உள்ள தொலைவைக் கணக்கிடுகிறது. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றோடு ஏற்பியின் கடிகாரப் பிழையும் அறியவேண்டிய ஒன்றாதலால், குறைந்தது நான்கு கோள்கள் தேவை. ஒரு நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரம் பிழைத்தால் தொலைவு 300 மீட்டர் பிழைத்துவிடும்.

இவ்வளவு நுட்பமான செய்தியைச் சுமந்து வரும் சமிக்ஞை நிலத்தை அடையும்போது அதன் ஆற்றல் எவ்வளவு? ஒரு வாட் ஆற்றலை நூறு கோடி கோடிப் பங்குகளாகப் பிரித்தால் அவற்றுள் ஏறத்தாழ ஒரு பங்கு! கருவியின் உள்ளேயே எழும் வெப்ப இரைச்சலைக் காட்டிலும் அது பன்மடங்கு தாழ்ந்தது. சந்தைக்கடை இரைச்சலில் தன் பிள்ளையின் குரலை மட்டும் தாய் பிரித்தறிவது போல, முன்னரே அறிந்த குறியீட்டு வரிசை ஒன்றின் துணையால் ஏற்பி அச்சமிக்ஞையைத் தேடிக் கண்டெடுக்கிறது. அந்தச் சந்தையில் ஒருவன் ஒலிபெருக்கி வைத்தால் என்ன ஆகும்? அதுவே இடையூறு. தெரியாமல் நேர்வதும் உண்டு. வேண்டுமென்றே சமிக்ஞையை மறைப்பதும் உண்டு. கோளின் குரலைப் போலவே பேசி ஏமாற்றுவதும் உண்டு.

தெரியாமல் நேர்வதற்கு ஒரு சான்று தருகிறேன். 2001-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள மாஸ் லேண்டிங் என்னும் சிறு துறைமுகத்தில் ஜி.பி.எஸ். கருவிகள் செயலிழந்தன. தேடிப் பார்த்தபோது, படகுகளில் பொருத்தியிருந்த தொலைக்காட்சி ஆன்டெனாக்களின் பெருக்கிக் கருவிகளே குற்றவாளிகள் எனத் தெரிந்தது! படம் தெளிவாகத் தெரியவேண்டும் என்று வாங்கி வைத்த எளிய கருவி, ஒரு துறைமுகத்தின் கண்ணை மறைத்துவிட்டது.

கணிப்பொறிக்குள் ஒரு போர்க்களம்

இத்தகைய இடையூற்றைத் திறந்த வெளியில் உண்டாக்கிச் சோதிப்பது எளிதன்று. அலைமறிப்புக் கருவியை இயக்குவது பல நாடுகளில் குற்றம். நம் நாட்டிலும் அரசின் தனி அனுமதியின்றி அதனைப் பயன்படுத்துதல் சட்டத்திற்குப் புறம்பானது. அது நியாயமே. சோதனை செய்பவரின் அலை, அவ்வழியே செல்லும் விமானத்தையும் தாக்குமல்லவா? ஆகவேதான் ஒப்புருவாக்கம், அதாவது உண்மை நிகழ்வைக் கணக்கின் வடிவில் கணிப்பொறிக்குள் நிகழ்த்திப் பார்க்கும் முறை, இத்துறையில் இன்றியமையாததாயிற்று.

அம்மென்பொருள் செய்வது என்ன? குறித்த நாளில், குறித்த நேரத்தில், வானில் எந்தெந்தக் கோள்கள் எங்கெங்கே நிற்கும் என்பதை முதலில் கணக்கிடும். இடையூறு செய்யும் கருவியின் இடம், ஆற்றல், அலைவெண் ஆகியவற்றை ஏற்றுக்கொள்ளும். மலை, கட்டடம், கடற்பரப்பு ஆகியவற்றைக் கடந்து அவ்வலை எவ்வளவு தேய்ந்து வரும் என்று பார்க்கும். ஏற்பியின் ஆன்டெனா எத்திசையில் எவ்வளவு கூர்மையாகக் கேட்கும், அதன் வடிகட்டி எவ்வளவைத் தடுக்கும் என்பனவற்றைக் கணக்கில் சேர்க்கும். இறுதியில், எத்தனை கோள்களின் சமிக்ஞை தப்பிப் பிழைத்தது, பிழைத்தவற்றைக் கொண்டு இடத்தைக் கணித்தால் எத்தனை மீட்டர் பிழைபடும் என்று விடை கூறும். சூழ்நிலைகளைச் சிறிது சிறிதாக மாற்றி ஆயிரக்கணக்கான முறை இதனைத் திரும்பத் திரும்பச் செய்து, ஒரு நாட்டின் வரைபடத்தையே நிறங்களால் நிரப்பிக் காட்டிவிடும்.

இக்கணக்கின் அடிப்படை நம் இளங்கலை மாணவர்களுக்கும் எட்டாததன்று. தடையேதுமற்ற வெளியில், ஒரு வாட் ஆற்றலுள்ள மறிப்புக் கருவி 10 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். இருபுறமும் எத்திசையையும் சமமாகக் கருதும் ஆன்டெனா எனக் கொண்டால், அதன் அலை ஜி.பி.எஸ். சமிக்ஞையைவிட ஏறத்தாழ 16,000 மடங்கு வலிமையோடு ஏற்பியை வந்தடையும். தொலைவு இருமடங்கானால் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். எனவே 100 கிலோமீட்டரிலும் 160 மடங்கு வலிமை எஞ்சி நிற்கும். ஆனால் இடையில் ஒரு குன்று நின்றால்? ஏற்பி கப்பலின் மேல்தளத்தில் இல்லாமல் தாழ்ந்த இடத்தில் இருந்தால்? புவியின் வளைவே மறைத்துக்கொண்டால்? விடை ஆயிரம் மடங்கு மாறிவிடலாம். சூத்திரம் ஒன்றே, எடுகோள் மாறியது, விடையும் மாறியது. இதனை நெஞ்சில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

களம் கற்பித்த பாடங்கள்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. கணிப்பொறிச் சுரைக்காய்க்கும் இது பொருந்தும். மூன்று நிகழ்ச்சிகளை இங்கு எண்ணிப் பார்ப்பது நலம்.

முதலாவது, 2008-இல் பிரிட்டனின் கலங்கரை விளக்க ஆணையங்கள், அந்நாட்டுப் பாதுகாப்பு அறிவியல் ஆய்வகத்தின் துணையுடன் நடத்திய சோதனை. யார்க்ஷயர் கடற்கரையில் பிளம்பரோ முனையருகே, குறைந்த ஆற்றலுள்ள மறிப்புக் கருவி ஒன்றை உரிய அனுமதியோடு இயக்கி, 'போல் ஸ்டார்' என்னும் கப்பலை அதன் அலைப்பரப்பின் ஊடே செலுத்தினர். கப்பல் மேடையில் அபாய மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. இடங்காட்டும் கருவி மட்டுமன்றி, அதனைச் சார்ந்திருந்த மின்னணு வரைபடமும், பிற கப்பல்களுக்குத் தன்னிருப்பை அறிவிக்கும் கருவியும் பாதிக்கப்பட்டன. இவற்றையெல்லாம்விட அச்சமூட்டியது வேறொன்று. அலைப்பரப்பின் விளிம்பில், சமிக்ஞை முற்றிலும் அறுந்துபோவதற்கு முன், சில ஏற்பிகள் மௌனம் காக்கவில்லை, பொய் கூறின. கடலில் மிதக்கும் கப்பலை நிலத்தின்மேல் நிற்பதாகக் காட்டின.

'கிடைக்கும்' அல்லது 'கிடைக்காது' என்ற இரண்டே விடைகளைத் தரும் மென்பொருள் இந்த மூன்றாவது நிலையைக் காணாது. மௌனமாகிவிட்ட வழிகாட்டியைவிடத் தவறாக வழிகாட்டுபவனே கொடியவன். அதனால்தான் விமானத்துறையினர் துல்லியம், தொடர்ச்சி, கிடைப்பு என்பனவற்றோடு நம்பகம் என்னும் நான்காவது பண்பையும் வலியுறுத்துகின்றனர். தன்னை நம்பலாகாத நேரத்தில் 'என்னை நம்பாதே' என்று உரிய காலத்தில் எச்சரிக்கும் நேர்மையே அப்பண்பு.

இரண்டாவது, அமெரிக்காவின் நூவர்க் விமான நிலைய நிகழ்ச்சி. விமானங்கள் தரையிறங்கத் துணைபுரியும் புதிய ஜி.பி.எஸ். சார்ந்த தரைநிலையம் 2009-இல் அங்கு நிறுவப்பட்டபின், அவ்வப்போது அது இடையூற்றுக்கு ஆளாயிற்று. காரணம், அருகிலுள்ள நெடுஞ்சாலையில் சென்ற வாகனங்களில் இருந்த மலிவான மறிப்புக் கருவிகள். முதலாளி தன் வண்டி செல்லும் இடத்தை அறியக்கூடாது என்று எண்ணிய ஓட்டுநரின் கைக்கருவி, வானூர்தியின் வழித்துணையைக் குலைத்தது. 2012-இல் பிடிபட்ட ஒருவருக்கு அடுத்த ஆண்டு ஏறத்தாழ 32,000 டாலர் தண்டம் விதிக்க அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் முன்மொழிந்தது. இடையூறு செய்வோன் ஓரிடத்தில் நிலையாக நிற்கும் பகைவன் என்ற எடுகோளில் எழுதப்பட்ட மென்பொருள், சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் இந்தச் சாமானியனைக் கணக்கில் கொள்ளுமா?

மூன்றாவது, எஸ்தோனியாவின் தார்த்து நகரம். ஜி.பி.எஸ். இடையூற்றால் இரு விமானங்கள் தரையிறங்க இயலாமல் திரும்பியதை அடுத்து, பின்லாந்தின் பின்ஏர் நிறுவனம் 2024 ஏப்ரல் இறுதியில் ஏறத்தாழ ஒரு மாத காலத்திற்கு அந்நகர்ச் சேவையையே நிறுத்தி வைத்தது. அங்கு அப்போதிருந்த தரையிறங்கும் முறை ஜி.பி.எஸ். சமிக்ஞையைச் சார்ந்திருந்தது. ஜி.பி.எஸ். தேவைப்படாத மாற்று முறை ஏற்பாடான பின்னரே விமானங்கள் மீண்டன. இடையூறு அப்பகுதியில் பரவலாகவே இருந்தது. ஆயினும் மாற்று வழி இருந்த நகரங்கள் தப்பின, இல்லாத நகரம் தவித்தது. 'சமிக்ஞை விழுமா?' என்று மட்டும் கேட்கும் மென்பொருள் பாதிக் கேள்வியையே கேட்கிறது. 'விழுந்தால் எஞ்சுவது என்ன?' என்பதே மறுபாதி.

இவை அயல்நாட்டுக் கதைகள் என்று ஒதுக்கிவிடவும் இயலாது. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை, பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பகுதிகளில், விமானங்கள் சந்தித்த இத்தகைய இடையூறுகள் 465 என நம் அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறது.

அளவுகோல் யார் கையில்?

எடுகோள்களுக்கு அடுத்தபடியாக நாம் கேட்கவேண்டியது அளவுகோலைப் பற்றி. எவ்வளவு கெட்டால் 'கெட்டது' என்போம்? இக்கேள்வியின் பொருட்டு அமெரிக்காவில் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒரு வழக்காடல் நடைபெற்றது. லைட்ஸ்குவேர்டு என்னும் நிறுவனம் ஜி.பி.எஸ். அலைவரிசைக்கு அண்டை வரிசையில், நிலத்தில் கோபுரங்கள் அமைத்து அகன்ற அலைவரிசைச் சேவை நடத்த 2011-இல் நிபந்தனையோடு கூடிய இசைவு பெற்றது. சோதனைகளில் ஜி.பி.எஸ். ஏற்பிகள் பாதிக்கப்படுவது தெரியவரவே, 2012-இல் அவ்விசைவைத் திரும்பப் பெறும் நடவடிக்கை தொடங்கியது. பின்னர் லிகாடோ என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே நிறுவனத்திற்கு, கோபுரத்தின் ஆற்றலை 10 வாட்டுக்கும் சற்றுக் குறைவாகக் கட்டுப்படுத்தி, 2020 ஏப்ரலில் ஆணையம் அனுமதி அளித்தது.

இடைப்பட்ட காலத்தில் நடந்த விவாதமே நமக்குப் பாடம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2016-இல் 80 வகை ஏற்பிகளைச் சோதித்தது. இரைச்சல் ஒரு டெசிபெல் அளவு, அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, உயர்ந்தாலே அதனைத் தீங்கின் எல்லையாகக் கொள்ளவேண்டும் என்பது அத்துறையின் நிலை. 'இரைச்சல் உயரட்டும்; ஏற்பி காட்டும் இடம் பிழைக்காதவரை தீங்கு எங்கே?' என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதே ஏற்பி, அதே அலை. ஒரு கோலால் அளந்தால் தீங்கு, மறுகோலால் அளந்தால் நலம்! 2022-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் குழு அளித்த அறிக்கை, இவ்விரு அணுகுமுறைகளுள் எதுவும் தீங்கின் அபாயத்தைத் திறம்படத் தணிப்பதாக இல்லை என்று கூறியது. பெரும்பாலான பொதுப் பயன்பாட்டு ஏற்பிகள் பெரிதும் பாதிக்கப்படா, ஆனால் நில அளவை போன்ற உயர்துல்லியப் பணிக்கான ஏற்பிகளுக்கே இடர் மிகுதி என்றும் அவ்வறிக்கை சுட்டியது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? மென்பொருள் கணக்கிடும், தீர்ப்பளிக்காது. தீர்ப்பின் அளவுகோலை வகுப்பவர் மனிதர். அவர் யார், யாருடைய நலனை முன்வைத்து வகுத்தார் என்பதை அறிய மக்களுக்கு உரிமை உண்டு.

சராசரியின் மயக்கம்

இன்னொரு மயக்கத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 'ஆண்டு முழுவதும் 99.9 விழுக்காடு சேவை கிடைக்கும்' என்று ஒரு மென்பொருள் விடை தந்தால் நாம் மகிழ்ந்துவிடுகிறோம். எஞ்சிய 0.1 விழுக்காடு ஓராண்டில் ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம். அது ஆளற்ற பாலையில் நள்ளிரவில் சிதறிக் கிடந்தால் எவருக்கும் கவலையில்லை. ஒரே இரவில், ஒரே கடற்பரப்பில் திரண்டு வந்தால்? பாக் நீரிணையில் தொழிலுக்குச் செல்லும் நம் மீனவர் பலர், கண்ணுக்குத் தெரியாத கடல் எல்லைக்கோட்டை அறிய ஜி.பி.எஸ். கருவியையே நம்பியிருக்கின்றனர். அவர்களுக்குச் சராசரியால் பயன் என்ன? தம் படகு நிற்கும் அந்த இடமும் அந்த நேரமுமே அவர்களுக்கு முழு உலகம். ஆகவே எந்த அறிக்கையும் சராசரியோடு நின்றுவிடாமல், மிகக் கேடான இடம் எது, மிகக் கேடான வேளை எது என்பதையும் முதற்பக்கத்திலேயே கூறவேண்டும்.

ஒரு மறுப்பும் விடையும்

'இத்தகைய கணக்குகளையும் எடுகோள்களையும் வெளியிட்டால் தீயோர் கையில் ஆயுதம் கொடுத்தது போலாகாதா?' என்று பெரியோர் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பாதுகாப்புப் படைகளின் நுட்பங்களைத் தெருவில் பரப்பவேண்டும் என்று நான் கூறவில்லை. ஆனால் நூவர்க் சாலையில் சென்ற ஓட்டுநர் எந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டு அக்கருவியை வாங்கவில்லை. தீங்கு செய்பவனுக்குக் கணக்கு தேவையில்லை, காப்பவனுக்கே தேவை. மேலும், மூடி வைத்த எடுகோளில் உள்ள பிழையைத் திருத்த எவராலும் இயலாது. குறைந்த அளவு, பொதுமக்கள் பயன்பாட்டிற்கான துறைமுகம், விமான நிலையம், மின்தொகுப்பு ஆகியவற்றைப் பற்றிய மதிப்பீடுகளிலாவது எடுகோள், அளவுகோல், களச்சோதனையோடு ஒப்பிட்ட முடிவு ஆகிய மூன்றும் தனி ஆய்வாளர்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

நம் கல்லூரிகளின் பங்கு

இப்பணியில் கல்லூரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அலைமறிப்புக் கருவியைக் கையாள மாணவருக்கு உரிமையில்லை. ஆனால் கணக்கிட எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை. ஸ்பெயின் நாட்டு ஆய்வு மையம் ஒன்று உருவாக்கிய ஜி.என்.எஸ்.எஸ்.-எஸ்.டி.ஆர். போன்ற மென்பொருள்கள், மூலநிரலோடு எவரும் எடுத்துப் பயிலத் திறந்து கிடக்கின்றன. கணிதத் துறை கோள்களின் வடிவியலை ஆராயட்டும். இயற்பியல் துறை அலையின் தேய்வை அளக்கட்டும். கணிப்பொறித் துறை இவ்விரண்டையும் நிரலாக்கட்டும்.

தமிழ்த் துறைக்கு இங்கு என்ன வேலை என்று எவரும் எண்ணவேண்டா. எடுகோளை விளக்காத அறிக்கை எப்படி முழுமையடையாதோ, அப்படியே பயன்படுத்துவோனுக்கு விளங்காத எச்சரிக்கையும் எச்சரிக்கையாகாது. 'கிடைப்பு', 'நம்பகம்', 'போலிச் சமிக்ஞை' ஆகியவை படகோட்டிக்கும் லாரி ஓட்டுநருக்கும் புரியும் தமிழில் எழுதப்படவேண்டும். கருவி காட்டும் இடம் திடீரெனத் தாவினால், காட்டும் வேகம் நம்பத்தகாததாய் இருந்தால், அதனை விடுத்துத் திசைகாட்டியையும் கரையடையாளத்தையும் நாடவேண்டும் என்னும் எளிய அறிவுரையை அவர்கள் மொழியில் கொண்டுசேர்ப்பது மொழித் துறையின் கடமையாகும்.

கருவியைப் படைத்த மனிதன் கருவிக்கு அடிமையாகலாகாது. வருமுன் காக்கும் அறிவே அறிவு. ஒப்புருவாக்க மென்பொருள் அவ்வறிவுக்குத் தக்க துணை. ஆனால் அதன் விடைத்தாள் நம் கைக்கு வரும்போது மூன்று வினாக்களை எழுப்ப நாம் மறக்கலாகாது: எதனை மெய்யெனக் கொண்டு கணக்கிட்டாய்? எக்கோலால் அளந்தாய்? களத்தில் கண்டு சரிபார்த்தாயா? இம்மூன்றுக்கும் விடை கூறும் மென்பொருளை நம்புவோம். கூறாததன் வண்ண வரைபடம் எத்துணை அழகாயிருப்பினும், அதனை நம்பிக் கப்பலைச் செலுத்த வேண்டா.